எல்லாம் என்னுது

எங்கள் வீட்டில் ஒரு வெள்ளாடு இருந்தது. குடும்பத்து விஷயம் எதுவானாலும் முதலில் அதற்குத்தான் தெரியும். ஏனென்றால் என் கணவரின் அண்ணனோடு நான் பேசக் கூடாது, அவரும் என்னோடு பேச மாட்டார். மூத்தார் என்றால் மாமனாருக்குச் சமம். தம்பி பெண்டாட்டி அவர் முகத்துக்கு நேரே நிற்பதே தப்பு. கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்த எங்கள் பாட்டன்மார் பாதித் தமிழை வழியிலேயே தொலைத்துவிட்டார்கள், மீதியை இந்த ஊர்ப் பேச்சான கிரியோலில் கரைத்துவிட்டார்கள், இந்த ஒரு வழக்கத்தை மட்டும் நனையாமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். நல்ல ஆட்கள்!

ஒரே முற்றம், ஒரே அடுப்பு, இரண்டு குடும்பம். பேசாமல் எப்படி நடக்கும்? மூத்தாரின் மனைவி, அதாவது என் ஓரகத்தி, இருந்தால் அவள் மூலமாகப் பேசிக்கொள்வோம். அவள் இல்லாத நேரத்தில் ஆடுதான். "ஏய் ஆடே, அரிசி தீந்துபோச்சு, தெரியுமா?" என்று நான் கதவுக்குப் பின்னால் நின்று சொல்வேன். மாமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் மூத்தார் ஆட்டின் முகத்தைப் பார்த்து, "சாயங்காலம் சீனக் கடையில வாங்கியாறேன்னு சொல்லு" என்பார். ஆடு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு அசைபோடும். என் கணவர் விழுந்து விழுந்து சிரிப்பார். சிரிக்கத் தெரிந்த மனுஷர். அது ஒன்றுதான் உங்களுக்கு ஒழுங்காகத் தெரியும் என்று பின்னால் பல தடவை சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

அப்போது நாங்கள் சென்ட்ர் டி ஃப்ளாக்குக்குப் பக்கத்தில் ஒரு கரும்புத் தோட்டத்தில் இருந்தோம். மூத்தார் அங்கே சர்தார், கூலியாட்களை வேலை வாங்குகிற மேஸ்திரி. அந்த வீடு சர்தாருக்கென்று தோட்டம் கொடுத்தது. அவர் வேலை இருக்கும்வரை எங்கள் தலைக்குமேல் கூரை இருக்கும். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பு, தோட்டங்களில் கலவரம் நடந்த வருஷத்தில், கூலிக்காகக் கூட்டம் சேர்த்தார் என்று அவரைப் பிடித்து ஜெயிலில் போட்டிருந்தார்கள். வெளியே வந்து சில வருஷம் கழித்து, அதே ஆளைத் தோட்டத்தார் சர்தாராக்கினார்கள். ஆட்கள் இவர் சொன்னால்தான் கேட்கிறார்கள் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஜெயிலில் என்ன நடந்தது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆட்டிடம்கூடச் சொன்னதில்லை.

என் கணவர் கரும்புக் கட்டு தூக்கி வண்டியில் ஏற்றுகிறவர். மாமியார் கண்ணை மூடியபோது அவர் கைப்பிள்ளை. மூத்தார்தான் தோளில் போட்டு வளர்த்தார். அதனாலோ என்னவோ, மனுஷருக்கு முகத்தில் மீசை வந்ததே தவிர முதுகெலும்பு வரவில்லை. இருந்த கொஞ்ச முதுகெலும்பையும் கரும்பு தின்றுவிட்டது. சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார். தோட்டத்து மருந்தகத்தில் எந்த வலிக்குப் போனாலும் ஒரே கசப்புத் தண்ணீரைத்தான் ஊற்றிக் கொடுப்பார்கள். வண்டிக்காரர்களோடு கரும்பு மறைவில் உட்கார்ந்து ஒரு இழுப்பு இழுத்தால் வலி தெரியவில்லை என்று ஆரம்பித்தார். கஞ்சாதான். எங்கள் பேச்சில் கந்தியா. கரும்போடு கரும்பாக அதுவும் வளர்ந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்துக் கிழவர்கள் அதைக் குற்றம் என்றே நினைக்கவில்லை. சட்டம் நினைத்தது. கையில் இருந்தாலே குற்றம், குடிக்கக்கூட வேண்டாம்.

அவர் சட்டையில் வாடை வந்தால் நான் சண்டை போடுவேன். "வீட்டுக்குள்ள கொண்டாராதீங்க, சொல்லிட்டேன்" என்பேன். "கொண்டாரவே இல்லம்மா, உன்மேல சத்தியம்" என்பார். எங்கள் அறையில், ஓலைக்கூரைக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு பிஸ்கட் டப்பாவை அவர் செருகி வைத்திருந்தது போலீஸ் வந்து எடுத்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

அவர்கள் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்ச காலம் முன்பு தீவு முழுக்க மலேரியாவுக்கு மருந்தடித்தார்கள். காக்கி போட்ட ஆட்கள் வீட்டு வீட்டுக்கு வருவார்கள், இது யார் வீடு, எத்தனை அறை என்று கேட்பார்கள், சுவரெல்லாம் மருந்தடித்துவிட்டுப் போவார்கள். ஓரகத்தி அலமாரியைத் திறக்காதே என்று கத்துவாள். மூத்தார் மட்டும் மாமரத்தடியில் ராஜா மாதிரி உட்கார்ந்து, "எல்லாம் என்னுதுதான், எங்க வேணா அடிச்சுக்க" என்பார். வீட்டுக்குப் பெரியவர் சொல்கிற பதில் அது. எங்கள் ஆட்களில் யார் வீட்டுக்குப் போய்க் கேட்டாலும் மூத்த ஆண்பிள்ளை அப்படித்தான் சொல்வான். தம்பிக்கு ஒரு அறை, தம்பிக்கு ஒரு பெட்டி என்று வெளியாளிடம் பிரித்துச் சொன்னால், குடும்பம் பிரிந்துவிட்டது என்று ஊர் பேசும். மூத்தாருக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

அன்றைக்குக் காலையிலும் காக்கி ஆட்கள் வந்தார்கள். மறுபடி மருந்தா என்று நான் சட்டிபானையை மூடினேன். மூத்தார் தேநீரைக் கீழே வைக்கவில்லை.

"இது யார் வீடு?" என்று ஒருவன் கிரியோலில் கேட்டான்.

"என் வீடு."

"அந்த ரூம்?"

"அதுவும் என்னுது. இங்க இருக்கறது எல்லாம் என்னுதுதான், மிஸ்யே. பிரிவினை எல்லாம் எங்க வீட்ல கிடையாது. எங்க வேணா போய்ப் பாத்துக்க."

ஒருவன் சொல்லச் சொல்ல இன்னொருவன் எழுதிக்கொண்டான். மருந்தடிக்க வந்தவனுக்கு எழுத்து எதற்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் கையில் மருந்துப் பம்பும் இல்லை. நேராக எங்கள் அறைக்குள் போனார்கள். வண்டிக்காரர்களில் எவனோ மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டைக் காட்டியிருக்கிறான். டப்பாவோடு வெளியே வந்து, மூத்தார் முன்னால் திறந்து காட்டினார்கள்.

"இதுவும் உன்னுதா?"

மூத்தார் டப்பாவைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். என் கணவர் கிணற்றங்கரையில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர், முகத்தில் தண்ணீர் சொட்ட அப்படியே நின்றார். பார்த்தவர்களுக்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. மூத்தாருக்கும் புரிந்துவிட்டது. நான் கதவுக்குப் பின்னால் நின்று, சொல்லுங்களேன், யாராவது ஒருத்தர் வாயைத் திறங்களேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"சொன்னேனே," என்றார் மூத்தார். "எல்லாம் என்னுதுன்னு."

தேநீரைக் கீழே வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவர்களோடு நடந்தார். ஓரகத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். என் கணவர் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வாளியை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். கவிழ்க்கவில்லை. ஏன் கவிழ்க்கவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஃப்ளாக் போலீஸ் நிலையத்தில் அந்தப் பொட்டலத்தை நிறுத்தார்கள், கட்டினார்கள், அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், சோதனைக்காகப் போர்ட் லூயிக்கு அனுப்பினார்கள். எங்கள் கல்யாணத்துக்குக்கூட இத்தனை சடங்கு நடக்கவில்லை. கஞ்சாதான் என்று சர்க்கார் ஆள் எழுதிக் கொடுக்கும்வரை வழக்கு நடக்காது. அதுவரைக்கும் மூத்தாரை ஜாமீனில் விட்டார்கள்.

ஃப்ளாக்கில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். தமிழர்தான், ஆனால் தமிழ் வராது. கிரியோலில் பொறுமையாகச் சொன்னார். கஞ்சா யார் வசம் இருந்தது என்பதுதான் கேள்வி. அந்த அறையில் யார் படுக்கிறார்கள்? தம்பியா? அப்படியென்றால் தம்பி வந்து ஒப்புக்கொள்ளட்டும். அவன் வெறும் கூலியாள், முன்னால் குற்றம் எதுவும் கிடையாது, சின்னப் பொட்டலம். அபராதத்தோடு விட்டாலும் விடுவார்கள், மிஞ்சிப்போனால் கொஞ்ச நாள் உள்ளே. ஆனால் அண்ணனுக்குப் பழைய ஜெயில் இருக்கிறது. சர்தார் வேறு. ஆட்களுக்கு விற்கத்தான் வைத்திருந்தான் என்று நினைப்பார்கள். அபராதப் பேச்சே இருக்காது. இன்னொன்றும் சொன்னார். ஒரு தடவை இந்தக் குற்றத்தில் தண்டனை வாங்கியவன் மறுபடி மாட்டினால், இரண்டாம் தடவைக்குத் தண்டனை பல மடங்கு.

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? மூத்தார் கேட்டுக்கொண்டார், எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் ஓரகத்தி கோயிலுக்குப் போயிருந்தாள். நான் ஆட்டுக்குத் தழை போடப் போனேன். மூத்தார் மாமரத்தடியில் இருந்தார். அன்றைக்கு அந்த ஆடு கேட்ட பேச்சை எந்த ஆடும் கேட்டிருக்காது.

"உனக்குப் புத்தி இருக்கா, ஆடே? ஒருத்தர் செஞ்ச தப்புக்கு இன்னொருத்தர் போறதாம். அதுக்குப் பேரு பாசமாம். வீடு போயிரும், வேலை போயிரும், புள்ளைங்க தெருவுல நிக்கும். என் வீட்டுக்காரர் போகட்டும்னு நானே சொல்றேன். பெண்டாட்டி நானே சொல்றேன்! கேக்குறதுக்கு ஆள் இருக்கா இந்த வீட்ல?"

மூத்தார் ஆட்டின் காதைத் தடவிக்கொடுத்தார். "இந்த ஆடு நெறையப் பேசுது" என்றார். சிரித்தாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு, "என் தம்பியைக் கைகாட்டிட்டு நான் வெளிய நிக்க மாட்டேன்னு சொல்லு. அவன் அங்க தாங்க மாட்டான். நான் பாத்தவன்" என்றார்.

அந்த ஆட்டை விற்றுத்தான் வக்கீலுக்குக் கொடுத்தோம். அது ஒன்றுதான் எங்கள் கையில் மிஞ்சியிருந்தது.

என் கணவரையும் விடவில்லை நான். தினமும் பிடுங்கினேன். "நீங்க போய்ச் சொல்லுங்க, என்னுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க." அழுவார். "அண்ணன் சொல்லக் கூடாதுங்கறார்" என்பார். அண்ணன் சொல்லை மீறாத உத்தமர், அண்ணன் வீட்டில் கஞ்சா வைக்க மட்டும் யார் சொல்லையும் கேட்கவில்லை. வழக்குக்கு முந்தின வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப் போனேன். உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, அம்மன் முன்னால் அணைத்து, இனி தொடவே மாட்டேன் என்று சத்தியம் பண்ணினார். கையில் கொப்புளம் வந்தது. நான் மருந்து போட்டேன். மருந்து போடும்போது பாவமாகத்தான் இருந்தது.

கோர்ட்டில் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. மொழிபெயர்ப்பவர் குற்றத்தைப் படித்தார். ஒப்புக்கொள்கிறாயா என்று நீதிபதி கேட்டார். மூத்தார் ஒப்புக்கொண்டார். வக்கீல் எழுந்து என்னவோ சொல்லப் பார்த்தார். மூத்தார் கையைக் காட்டி அவரை உட்காரச் சொல்லிவிட்டார். என் கணவர் எனக்கு முன்வரிசையில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்திருங்கள், இப்போதாவது எழுந்திருங்கள் என்று அவர் முதுகை முழங்கையால் இடித்தேன். அசையவில்லை. நான் எழுந்திருக்கலாம். ஆனால் கூண்டில் நிற்பவர் மூத்தார். அவர் முகத்துக்கு நேரே, ஊர்ப் பெரியவர்கள் எல்லாம் பார்க்க, நான் எப்படி வாயைத் திறப்பது? அந்த வழக்கம் என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டது. கடுங்காவல் தண்டனை என்றார் நீதிபதி. ஒரு கரும்பு வெட்டு முடிந்து அடுத்த வெட்டு தொடங்கும்வரை அவர் உள்ளே இருந்தார்.

வீடு போயிற்று. அதைச் சொல்லி என்ன. புது சர்தாரின் மனைவி ஓலைப்பாயோடு வந்து முற்றத்தில் நின்றபோது நாங்கள் இன்னும் அடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தோம். ஓரகத்தியின் தம்பி துறைமுகத்தில் வேலையாக இருந்தான். அவன் தயவில் போர்ட் லூயிப் பக்கம் ரோஷ் புவாவில் தகரம் அடித்த இரண்டு அறை கிடைத்தது. பக்கத்து வீட்டில் ஒரு கிறிஸ்தவப் பெண். அவளும் தமிழச்சிதான், ஆனால் அக்கா என்ற சொல்லைத் தவிரத் தமிழ் தெரியாது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே அவள் செய்த உபகாரத்துக்குக் கணக்கில்லை. என் கணவர் கப்பலுக்குச் சர்க்கரை மூட்டை தூக்கப் போனார். முன்பு தலைமேல் கரும்பு, இப்போது முதுகின்மேல் சர்க்கரை. இடுப்பு மட்டும் அதே இடுப்பு.

மூத்தார் திரும்பி வந்தபோது வேறு ஆளாக இருந்தார். தலை நரைத்திருந்தது, இருமல் இருந்தது. எங்கே வேலை கேட்டுப் போனாலும் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டார்கள். ஜெயிலுக்குப் போனவருக்கு எவன் கொடுப்பான்? எத்தனையோ பேரை வேலை வாங்கினவர், கடைசியில் வேர்க்கடலை அவித்துக் கூடையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்தார். கடலையைக் கழுவி உப்புப் போட்டு வேகவைப்பது நான். கூடையில் எடுத்துப் போவது அவர். ஒரு வார்த்தை கிடையாது. ஆடு இல்லாமல் எங்களுக்குள் பேச்சே நின்றுபோயிற்று. நகரத்தில் ஆட்டுக்கு எங்கே போவது? உப்பு கூடிப்போயிருந்தால்கூட அவர் ஓரகத்தியிடம் சொல்லி, அவள் என்னிடம் சொல்லி, அதற்குள் அடுத்த கடலை வெந்திருக்கும்.

போலீஸ் எங்கள் வீட்டை மறக்கவில்லை. ஒரு தடவை தண்டனை வாங்கினவன் இருக்கிற வீடு. அக்கம்பக்கத்தில் எங்காவது எதாவது நடந்தால் இங்கேயும் ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். பாயைப் புரட்டுவார்கள், அரிசியைக் கிளறுவார்கள். ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு தடவையும் மூத்தார் கடலைக் கூடைக்குப் பக்கத்தில் எழுந்து நின்று, "எல்லாம் என்னுதுதான், பாத்துக்க" என்பார். பட்டும் புத்தி வரவில்லையே இந்த மனுஷருக்கு! அடக்கிக்கொள்வேன். ஒன்றும் இல்லாதவரைக்கும் சொல்லிக்கொள்ளட்டும், அந்தப் பெருமையாவது மிஞ்சட்டும் என்று விட்டுவிடுவேன்.

பிறகு என் கணவர் சட்டையில் மறுபடி வாடை வந்தது.

என்னத்தைச் சொல்ல. சண்டை போட்டேன், காலில்கூட விழுந்தேன். "இந்தக் கையில கற்பூரம் அணைச்சீங்களே" என்று அந்தக் கையைப் பிடித்து அவர் முகத்துக்கு எதிரே காட்டினேன். தழும்பு இருந்தது. "மூட்டை தூக்கிப் பாரு, அப்ப தெரியும்" என்றார். முதல் தடவையாக அவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. வலி பொய் இல்லை, எனக்குத் தெரியும். அவர் முதுகுக்குத் தேய்த்து விட்டவள் நான்தானே. ஆனால் அந்த வலியின் விலையை அவர் கொடுக்கவில்லை, அண்ணன் கொடுத்தார். "வீட்ல வெக்காதீங்க. அது மட்டும் வேணாம். மறுபடி மாட்டினா உங்க அண்ணன் உசுரோட திரும்பமாட்டார்" என்றேன். "வெக்கல" என்றார். அந்த வார்த்தையை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டுக்காரி மாதா கோயிலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஓரகத்தி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் கடலை வேகவைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் வாசலில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். போலீஸ் வந்தார்கள். வழக்கமாக வருகிறவர்கள் இல்லை, புது ஆட்கள். வந்த வேகத்திலேயே தெரிந்தது, சும்மா எட்டிப்பார்க்க வந்தவர்கள் இல்லை என்று. ஒருவன் எங்கள் அறைக்குள் போனான். நான் கணவர் முகத்தைப் பார்த்தேன். சோப்பு நுரைக்குள் அந்தக் கிணற்றடி முகம் மறுபடியும் இருந்தது.

அவன் பொட்டலத்தோடு வெளியே வந்தான். தலையணைக்குள் தைத்து வைத்திருந்திருக்கிறார். என் தலையணைக்குள்.

"யார் வீடு இது? யார் இங்க பெரியவன்?"

மூத்தார் எழுந்தார். இருமினார். தோள்துண்டைச் சரி செய்துகொண்டார். என் கணவர் அண்ணன் முகத்தைப் பார்த்தார். எப்படிப் பார்த்தார் தெரியுமா? பசிக்கிற பிள்ளை சோறு போடுகிறவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அது கிடைத்தே தீரும் என்று தெரிந்த பார்வை. அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எல்லாம் என்…" என்று ஆரம்பித்தார் மூத்தார்.

"நீங்க வாயை மூடுங்க!"

என் குரல்தான். அகப்பை கையிலேயே இருந்தது. அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றிருந்தேன். அத்தனை வருஷத்தில் நான் அவரைப் பார்த்துச் சொன்ன முதல் பேச்சு அது. மூத்தாரின் வாய் திறந்தபடியே நின்றது. துணி துவைத்துக்கொண்டிருந்த ஓரகத்தி, "அடிப் பாவி" என்றாள். நான் போலீஸ்காரன் பக்கம் திரும்பிக் கிரியோலில் சொன்னேன், அவன் எழுதிக்கொள்ளும் அளவுக்கு நிதானமாகச் சொன்னேன்.

"அந்த ரூம் எங்களுது. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும். இவர் அதுக்குள்ள கால் வெச்சதே கிடையாது, வெக்கவும் கூடாது, அது எங்க வழக்கம். யார வேணா கேட்டுப் பாரு. அது என் வீட்டுக்காரர் பொட்டலம்."

பக்கத்து வீட்டுக்காரி சிலுவை போட்டுக்கொண்டாள். போலீஸ்காரன் என் கணவரைப் பார்த்தான். "உன்னுதா?"

அவர் துண்டை எடுத்து முகத்து நுரையைத் துடைத்தார். மெதுவாகத் துடைத்தார்.

"ஆமா," என்றார். "என்னுதுதான்."

பாதிச் சவரத்தோடுதான் கூட்டிப் போனார்கள்.

அவருக்குக் கிடைத்த தண்டனை அண்ணனுக்குக் கிடைத்ததில் பாதிகூட இல்லை. முதல் குற்றம், தானே ஒப்புக்கொண்டார், வேலை செய்கிற ஆள் என்று நீதிபதி சொன்னாராம். அதைக் கேட்டுக்கொண்டு கோர்ட் வாசலில் நான் நின்ற நிலையை என்னவென்று சொல்வது? இந்த மூன்றும் ஃப்ளாக்கிலேயே அவருக்குக் கிடைத்திருக்கும். அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீடு இருந்திருக்கும், மூத்தாரின் நெஞ்சு இருந்திருக்கும், ஆடுகூட இருந்திருக்கும்.

புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்று பேர் எடுத்தேன். ஓரகத்தி அடுப்பைத் தனியாகப் பிரித்துக்கொண்டாள். கோயிலில் சில பெண்கள் என் கையால் பூ வாங்க மாட்டார்கள். வாங்காவிட்டால் போகிறது. நான் தப்பு செய்ததாக அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் அலுத்துவிட்டது. மனுஷர்களுக்கு நடுவே நின்று இது யாருடையது, அது யாருடையது என்று பிரித்துக் கொடுக்கிற வேலை அலுத்துவிட்டது. இப்போது ரோஸ் ஹில்லில் மகள் வீட்டில் இருக்கிறேன். இரண்டு பேரும் இருந்த ஜெயிலின் மதில் இங்கிருந்து தூரமில்லை. காய்கறி வாங்க அந்தப் பக்கம் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறேன்.

அப்போது மூத்தார் மட்டும் என்னைத் திட்டவில்லை. தீர்ப்பு ஆன நாளிலிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார். கடலைக் கூடை அப்படியே கிடந்தது. ஓரகத்தி தன் புது அடுப்பில் பொங்கிக் கொண்டுபோய் வைப்பாள், அப்படியே திரும்பி வரும். நான் அவர் பிழைப்பைக் காப்பாற்றினேன் என்று நினைத்திருந்தேன். அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே பெருமையையும் பிடுங்கிவிட்டேனோ என்று அந்தச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துத்தான் முதலில் தோன்றியது.

பிறகு ஒரு மத்தியானம், ஓரகத்தி கடைக்குப் போயிருந்தாள். நான் அடுப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. மூத்தார். என் அடுப்படி வாசலுக்கு அவர் வந்ததே கிடையாது. நான் பழக்கத்தில் எழுந்து கதவுக்குப் பின்னால் போகப் பார்த்தேன். போர்ட் லூயித் தகர வீட்டில் அடுப்படிக்குக் கதவு ஏது? நின்றேன்.

"சோறு இருந்தாப் போடும்மா" என்றார்.

போட்டேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பருப்பும் கீரையும்தான். இன்னும் கொஞ்சம் போட்டேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்துக் கையைத் தட்டிலேயே கழுவிவிட்டு, தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை அவனைப் பாக்கப் போறியா?"

"போறேன்."

"பாயைச் சுவத்தோரமாப் போட வேணாம்னு சொல்லு. மழை வந்தா சுவத்துல ஈரம் எறங்கும். இடுப்புக்கு ஆகாது. நடுவுல படுக்கச் சொல்லு. யாராவது எடத்தைப் புடுங்குனா சண்டை போட வேணாம், என் பேரைச் சொல்லச் சொல்லு. பழைய ஆளுங்க இருப்பாங்க."

"சொல்றேன்" என்றேன்.

அவர் எழுந்து போய்க் கடலைக் கூடையைத் தட்டித் துடைக்க ஆரம்பித்தார். நான் கடலையை ஊற வைத்தேன்.